செட்டிநாட்டு வீட்டில் ராக் இசை: ஸ்டீரியோவை மேம்படுத்த முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பழைய வீட்டில் குடியிருக்கும் ஒருவர், “ராக் போட்டால் ஒரே இரைச்சலாக இருக்கிறது, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?” என்று கேட்டால் என் பதில் அவருக்குப் பிடிக்காது. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் அது. பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடியாக இழைத்த சுவர், பர்மாத் தேக்குத் தூண், பதினைந்தடி உயரக் கூரை என்று கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவும் ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். அங்கே விலை உயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் அந்த இரைச்சல்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை கடைக்காரர்கள் சொல்லும் வரிசைக்கு நேர் எதிரானது. முதலில் அறை, பிறகு இடம், அதன் பின் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கடைசியில் மற்றவை.

ராக் ஏன் இங்கே குழம்புகிறது

ஓர் அறையில் எழுந்த ஒலி 60 டெசிபல் அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை எதிரொலி நேரம் என்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் 1890-களில் ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் மெத்தைத் திண்டுகளைச் சுமந்து வந்து அடுக்கி, அடங்கும் நேரத்தை அளந்து பார்த்துக் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் போதுமானது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுக்க வேண்டும். திறந்த ஜன்னலின் ஒரு சதுர மீட்டர் முழு உறிஞ்சல். வழுவழுப்பான சுவரோ நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும்.

கல்லும் சுண்ணாம்புமான ஒரு கூடத்தில் இந்த நேரம் நான்கு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு 15 டெசிபல் வீதம் அடங்குகிறது. நிமிடத்துக்கு 140 தட்டு வேகத்தில் ஓடும் ராக் பாட்டில், ஒரு தட்டை நான்காகப் பிரித்து டிரம்ஸ் அடித்தால் அடிக்கும் அடிக்கும் நடுவே இருப்பது சுமார் 107 மில்லிவிநாடி. அதற்குள் முந்தைய அடியின் ஒலி 1.6 டெசிபல் மட்டுமே குறைந்திருக்கும். அடுத்த அடி அதன் தலைமேல் விழுகிறது. எதிரொலி நேரத்தை அரை விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டால் அதே இடைவெளியில் கிட்டத்தட்ட 13 டெசிபல் அடங்கிவிடும். அடிகள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்குவது அப்போதுதான்.

வீணைக்கு இதே கூடம் வரம். காரைக்குடி சாம்பசிவ ஐயர் போன்றோரின் நிதானமான வாசிப்பை அங்கே கேட்டால் ஒவ்வொரு மீட்டும் நீண்டு, நிறைந்து நிற்கும். கல்யாண வீட்டில் நாகஸ்வரம் கம்பீரமாக ஒலிப்பதற்கும் இந்தச் சுவர்களே காரணம். ராக் இசைக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? அதன் பதிவிலேயே ஏற்கெனவே ஒரு கூடம் இருக்கிறது. லெட் செப்பலின் குழுவின் 1971-ஆம் ஆண்டு ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு, ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பிரம்மாண்டம் அந்தக் கூடம் தந்தது. அதை உங்கள் பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், ஒலிக்கவிட்டால் ஒரு கூடத்துக்குள் இன்னொரு கூடம். இரண்டுமே கெடும்.

முதல் படி: அறையைத் தேர்ந்தெடுத்தல்

பட்டாலையும் முகப்பும் வேண்டாம். அவற்றைச் சரிசெய்யும் அளவுக்குப் பஞ்சு வாங்க வேண்டுமென்றால் வீட்டையே மில்லாக மாற்ற வேண்டியிருக்கும். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்றையோ மாடியறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் அறை நல்லது. சதுர அறை ஆகாது.

காரணம் கீழ்ச்சுருதியில், அதாவது பேஸ் ஒலியில், இருக்கிறது. இரு எதிர்ச்சுவர்களுக்கு இடையே ஒலி அலை நின்று அதிரும் அலைவெண்ணைக் கணக்கிடுவது எளிது: 346-ஐ (நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் செல்லும் மீட்டர்) அறையின் அளவைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நாலரை மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம் உள்ள அறைக்கு 38, 49, 43 ஹெர்ட்ஸ் வருகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதாவது அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை முழுவதும் சேர்ந்து உறுமும். பிற சுரங்களில் பேஸ் காணாமல் போகும். மெலிந்த பலகைச் சுவர் உள்ள மேல்நாட்டு வீடுகளில் கீழ்ச்சுருதியின் ஒரு பகுதி சுவர் வழியே வெளியேறிவிடும். ஒன்றரை அடி, இரண்டு அடி கனமுள்ள நம் சுவர்கள் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

வளவின் பக்கம் திறக்கும் பெரிய கதவு இருந்தால் அது அதிர்ஷ்டம். திறந்து வைத்த கதவு கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர் முழு உறிஞ்சல், கீழ்ச்சுருதி உட்பட, செலவே இல்லாமல். எதிர்ப்பக்கத்து அறையில் ஆச்சி மதியம் கண்ணயரும் நேரத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறையை அடக்குதல்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நான் எந்தச் சாதனத்துக்கும் இவ்வளவு பக்கம் ஒதுக்க மாட்டேன்.

மேலே சொன்ன அறையின் கன அளவு 63 கன மீட்டர், உட்பரப்பு ஏறக்குறைய 95 சதுர மீட்டர். வெறுமையாக இருக்கும்போது அதன் உறிஞ்சல் மூன்று சதுர மீட்டருக்கு மேல் தேறாது. எதிரொலி நேரம் மூன்றரை விநாடி. அதை 0.6 விநாடிக்குக் கீழே கொண்டுவர 17, 18 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். திறந்த கதவு இரண்டு. சோபாவும் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து இரண்டு. மூலைகளில் நிமிர்த்தி வைத்த இரண்டு தடித்த இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கு. மீதியைப் பலகங்கள் தர வேண்டும். இரண்டடிக்கு நான்கடி அளவில் பத்துப் பலகங்கள் செய்தால் கணக்கு நேராகிவிடும்.

பலகம் செய்வது காரைக்குடி ஆசாரி ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. நான்கு அங்குல ஆழமுள்ள சாதாரண மரச் சட்டம், உள்ளே 50 மில்லிமீட்டர் கனமுள்ள பாறைக் கம்பளி, அதாவது கட்டடக் கடைகளில் ராக்வுல் என்று கேட்டால் கிடைப்பது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். இரண்டு அடுக்கு வைத்தால் கீழ்ச்சுருதி வரை வேலை செய்யும். கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அந்தத் துகள் தோலை அரிக்கும். கம்பளியின் மேல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிய பிறகே வெளித்துணி போட வேண்டும்.

வெளித்துணிக்குக் கண்டாங்கிப் பருத்தியை விடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கட்டமும் அகலக் கரையும் பழைய சுவரோடு இயல்பாகச் சேரும். துணியின் மேல் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போனால் ஒலியும் போகும். பட்டும் ரெக்சினும் உதவாது.

பலகங்களைச் சுவரில் அடிக்காதீர்கள். நூறாண்டுப் பூச்சில் ஆணி இறங்கினால் வட்டமாகப் பெயர்ந்து விழும், அதை மறுபடி இழைக்கத் தெரிந்த கொத்தனார் சுலபத்தில் கிடைப்பதில்லை. வீடோ பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். ஒரு துளைக்கு எத்தனை பேரிடம் பதில் சொல்வது? காலுள்ள சட்டத்தில் தனியாக நிற்கும்படி செய்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதால் உறிஞ்சலும் கூடுகிறது. விசேஷ நாளில் மடித்து ஓரத்தில் சாய்த்துவிடலாம்.

எங்கே வைப்பது? உங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு, வேறொருவரைப் பக்கச் சுவரோரமாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமெல்லாம் முதல் எதிரொலிப்பு விழும் இடம். பலகங்கள் முதலில் அங்கே. பிறகு தலைக்குப் பின்னால். மீதி மூலைகளில்.

ஜமக்காளம் விரித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மெல்லிய விரிப்பு உச்சச் சுருதிகளை மட்டும் தின்னும். சிம்பலின் பளபளப்பு போய், கீழே உள்ள உறுமல் அப்படியே நிற்கும். பாய் அதைவிடக் குறைவு. விரிக்கலாம், அதோடு வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. முட்டை அட்டை ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம்.

கைதட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று இழுத்தது ‘டப்’ என்று நின்றால் அறை தயார். இன்னும் துல்லியம் வேண்டுவோர் கணினியில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் வைத்துக்கொண்டு அளக்கலாம்.

மூன்றாம் படி: சடசடப்பு வேட்டை

செட்டிநாட்டு வீட்டுக்கென்றே உள்ள படி இது. 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைக் கைப்பேசிச் செயலி ஒன்றிலிருந்து ஸ்பீக்கர் வழியே ஒலிக்கவிடுங்கள். வீடு தானாகவே குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்கும். பெல்ஜியம் கண்ணாடியின் சட்டம், அலமாரிக் கதவு, பரணில் அடுக்கிய எவர்சில்வர் தூக்குகள், தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் மேலாக வரிசையாக மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள். படச் சட்டங்களின் கீழ் மூலைகளில் சிறு ஃபெல்ட் துண்டு ஒட்டினால் போதும். கேட்பவர்கள் ‘ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது’ என்று தீர்ப்பு சொல்வதில் கணிசமானவை கொள்ளுத் தாத்தாவின் படம் அடித்துக்கொண்ட ஓசைதான்.

நான்காம் படி: இருக்கும் ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வைத்தல்

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம். பக்கம் இரண்டு மீட்டர் அளவில் இருக்கட்டும். பெரிய அறை இருக்கிறதே என்று நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஸ்பீக்கரைவிட அறையையே அதிகம் கேட்பீர்கள். ட்வீட்டர், அதாவது உச்சச் சுருதிகளைத் தரும் சிறிய வட்டம், காதின் உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரை உங்களை நோக்கிச் சற்றே திருப்புங்கள், பக்கச் சுவரில் விழும் ஒலி குறையும்.

பின்சுவரிலிருந்து உள்ள தூரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தூரத்தின் நான்கு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி, சுவரில் பட்டுத் திரும்பி எதிர்க்கட்டத்தில் வந்து தன்னையே அழித்துக்கொள்ளும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 86 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் விழும், அது கிட்டாரின் தடித்த தந்தி ஒலிக்கும் இடம். 60 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் 144 ஹெர்ட்ஸுக்கு நகரும். ஒரு கை அகலம் முன்னும் பின்னும் நகர்த்தி, தெரிந்த பாட்டு ஒன்றில் கிட்டாரின் உடம்பு நிறையும் இடத்தைக் காதால் தேடுங்கள்.

கூர்முனை ஆணிக்கால் உள்ள ஸ்டாண்டை ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேராக வைக்கக் கூடாது. அது சிமென்டில் கையால் வார்த்த கல், பொட்டு விழுந்துவிடும். கீழே கடப்பைக் கல் துண்டும் ரப்பர் பாதமும் வைத்தால் தரையும் பிழைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு மாதம் கேளுங்கள். பலருக்கு வாங்கும் ஆசையே இங்கே தணிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஸ்பீக்கர்

தணியவில்லை என்றால் பணத்தின் பெரும்பங்கு இங்கே போகட்டும், பாதிக்குக் குறையாமல். ராக் இசைக்கு நடுச்சுருதிதான் உயிர். மின்கிட்டார் தன் ஒலியைப் பெறுவதே பெரும்பாலும் 12 அங்குல ஸ்பீக்கர் வழியாக, அது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாகச் சரிந்துவிடும் வகை. ஆகவே 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 200 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை திணறாமல், சத்தம் கூட்டும்போது கத்தாமல் பாடுகிறதா என்று பாருங்கள்.

விவரப் பட்டியலில் நான் முதலில் தேடுவது உணர்திறன். ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் 92 டெசிபல் தருவதும் ஆறு டெசிபல் வேறுபாடு. மூன்று டெசிபலுக்கு ஒருமுறை வாட் இரட்டிப்பாகும் என்பதால், முன்னதற்கு 50 வாட் வேண்டிய இடத்தில் பின்னதற்கு 12, 13 வாட் போதும். டிரம்ஸின் திடீர் உச்சிகளுக்கு அந்த மிச்சம் பெரிய சொத்து. கிளிப்ஷ் போன்றோர் செய்யும் ஹார்ன் ட்வீட்டர் வகைக்கு இதோடு இன்னொரு நன்மை: ஒலியைக் குறுகலாக முன்னே அனுப்புவதால் பக்கச் சுவர்களை அதிகம் சீண்டாது. ஆனால் அடங்காத அறையில் அது காதைக் கீறும். மென்மையை விரும்பினால் வார்ஃபிடேலைக் கேட்டுப் பாருங்கள், கொல்கத்தாவின் சோனோடைனையும் மறக்க வேண்டாம்.

கீழ்ச்சுருதியைத் தரும் பெரிய கூம்பான வூஃபர் ஆறரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும்படி வாங்குங்கள். பின்பக்கம் துளை உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து இடம் விட வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்கு அலமாரிகளுக்கு நடுவே எப்போதாவது பழைய ஸ்பீக்கர் கண்ணில் படலாம். வாங்குமுன் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். நுரை வளையம் என்றால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்திருக்கும். ரப்பர் வளையம் நீண்ட காலம் தாங்கும். பெட்டியின் அழகில் மயங்குவது நம் ஊரின் பொது வியாதி.

ஆறாம் படி: ஆம்ப்ளிஃபயர்

இரண்டு மீட்டரில் கேட்கும் ஒருவருக்கு 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரோடு 50 வாட் உண்மையான சக்தி தாராளம். ‘உண்மையான’ என்று சொல்லக் காரணம், சில பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு வேறு உலகத்தைச் சேர்ந்தது. 8 ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு), இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் இயங்க, எத்தனை வாட் என்பதை மட்டும் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதைத் தாங்குமா என்பதையும்.

சக்தி போதாத ஆம்ப்ளிஃபயரை முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர் கருகும். பெரிய ஆம்ப்ளிஃபயரைவிடச் சின்னதை வதைப்பதே ஆபத்து.

யமஹா, டெனான், மராண்ட்ஸ் ஆகியவற்றின் ஸ்டீரியோ வகைகள் நம்பகமானவை. காற்றோட்டம் முக்கியம்: சித்திரை வெயிலில் மாடியறையில் மூடிய அலமாரிக்குள் வைத்தால் ஆயுள் குறையும்.

ஏழாம் படி: சப்வூஃபர் தேவையா

பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் 40 முதல் 100 ஹெர்ட்ஸில் வாழ்பவை, ஆகவே சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்குத் தேவை. காற்றுத் துளை இல்லாத மூடிய வகையை எடுங்கள், அடி சுருக்கென்று நிற்கும். இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம்: சப்வூஃபரை உங்கள் இருக்கையில் வைத்து, பேஸ் மிகுந்த பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். தவழும்போது கதவைச் சாத்திக்கொள்வது மரியாதைக்கு நல்லது. ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சுருதியைப் பங்கிடும் பிரிப்பை 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, சப்வூஃபர் தனியாகத் தெரியாத வரை சத்தத்தைக் குறையுங்கள்.

சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் மேடுகளைத் தட்டலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள், அது ஆம்ப்ளிஃபயரை மட்டுமே களைக்கவைக்கும். எதிரொலியை எந்தப் பொத்தானும் குறைக்காது.

எட்டாம் படி: மின்சாரம்

பழைய மரப்பட்டி வயரிங் உள்ள வீடுகளில் எர்த் கம்பி இல்லாமலே மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, இந்த அறைக்குத் தனி எர்த்தோடு ஒரு இணைப்பு இழுத்துவிடுங்கள். எல்லாச் சாதனமும் ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சலும் பெரும்பாலும் போய்விடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே ஒரே காப்பு.

ஸ்பீக்கர் ஒயருக்கு, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். பாம்பு போல் தடித்து, பட்டுறை போட்டு விற்கும் ஒயருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் நான்கு பலகங்கள் செய்யலாம்.

ஒன்பதாம் படி: பாட்டும் சத்தமும்

சிடி அல்லது அதே தரமுள்ள, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் இழப்பற்ற ஸ்ட்ரீமிங் போதும். அதைவிட முக்கியம் எந்தப் பதிப்பு என்பது. 1990-களுக்குப் பிறகு வந்த பல ராக் பதிப்புகளில் எல்லாமே உரக்கக் கேட்க வேண்டும் என்று அமுக்கிவிட்டார்கள். டிரம்ஸ் அடிக்கும் பின்னணிக்கும் உயர வேறுபாடே இருக்காது. அதே ஆல்பத்தின் பழைய சிடி பதிப்பு கிடைத்தால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரவில் மெல்லக் கேட்கும்போது காது கீழ்ச்சுருதியைக் குறைத்தே உணரும். ஆம்ப்ளிஃபயரில் லவுட்னெஸ் பொத்தான் இருப்பது அதற்காகத்தான், பகலில் அணைத்துவிடுங்கள்.

சத்தத்துக்கு அளவு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காதுக்குப் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 97-இல் அரை மணி. பழைய ஆல்பங்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், இருக்கையில் 90-க்கும் 94-க்கும் நடுவே வைத்து முழு ஆல்பத்தையும் கேட்கலாம். அடக்கிய அறையில் அந்த அளவே மார்பில் வந்து இடிக்கும்.